காசநோய்க் கிருமியின் மெழுகும் எலி எழுதிய பாடமும்

“டி செல்கள் புரதத் துணுக்குகளை மட்டுமே அடையாளம் காணும்.” கல்லூரி நோட்ஸிலும் தேர்வு கைடுகளிலும் இந்த வாக்கியம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இது தவறு என்று தெரிந்து முப்பது வருடங்கள் தாண்டிவிட்டன. எங்கள் தெருவில் மைக்ரோபயாலஜி படிக்கும் ஒரு பெண், “கொழுப்பையும் அடையாளம் காணும்” என்று விடைத்தாளில் எழுதி இரண்டு மதிப்பெண் இழந்தாள். போனது இரண்டு மதிப்பெண்தான். ஆனால் அந்த ‘மட்டுமே’ என்ற ஒரு சொல்லால் நாம் இழப்பது அதைவிடப் பெரிது என்பது என் கட்சி.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் ரத்தத்தில் உள்ள டி செல்லால் கிருமியை நேரடியாகப் பார்த்து இனம் காண முடியாது. வேறொரு செல் அந்தக் கிருமியை விழுங்கி, அதன் துணுக்கு ஒன்றைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்ட வேண்டும். தாம்பாளத்தில் வைத்து நீட்டுவதுபோல. புரதத் துணுக்கை ஏந்தும் தாம்பாளத்துக்கு எம்.எச்.சி. என்று பெயர். மனிதரில் அதுவே எச்.எல்.ஏ. கிட்னி மாற்று சிகிச்சைக்குப் பொருத்தம் பார்க்கிறார்களே, அதேதான். இதைக் கண்டறிந்த ஜிங்கர்நாகலுக்கும் டோஹர்ட்டிக்கும் 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது. பாடம் அங்கேயே நின்றுவிட்டது.

ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1994-ல், பாஸ்டனில் பெக்மன், போர்செல்லி, பிரென்னர் ஆகியோரின் குழு இன்னொரு தாம்பாளத்தின் வேலையைக் காட்டிவிட்டது. அதன் பெயர் சிடி1. அது ஏந்தியது புரதத்தை அல்ல; மைக்காலிக் அமிலம் என்ற கொழுப்பை. அடுத்த வருடமே தொழுநோய், காசநோய்க் கிருமிகளின் சுவரில் உள்ள லிப்போஅராபினோமன்னன் என்ற சர்க்கரை கலந்த கொழுப்பையும் அதே முறையில் டி செல்கள் அறிவதை இன்னொரு குழு காட்டியது.

சிடி1-ன் அமைப்பு அழகானது. எம்.எச்.சி.யின் குழி மேலோட்டமானது. புரதத் துணுக்கு அதில் படுத்திருக்கும். சிடி1-ன் குழி ஆழமானது, குறுகியது, தண்ணீர் ஒட்டாதது. கொழுப்பின் நீண்ட வால் அதற்குள் இறங்கிக்கொள்ளும். தலை மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். பெரும்பாலும் அந்தத் தலையைப் பார்த்துத்தான் டி செல் ஆளை இனம் காண்கிறது. நம் சமையல் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலத்தில் பெரும்பாலும் 16 அல்லது 18 கார்பன். காசநோய்க் கிருமியின் மைக்காலிக் அமிலத்தில் 70-க்கு மேல். அவ்வளவு நீள வாலையும் உள்ளே வாங்கிக்கொள்ள சிடி1பி என்ற வகையில் இடம் இருக்கிறது. இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

நான் முப்பது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி லேபில் சளி ஸ்லைடு பார்த்தவன். கார்பால் ஃபுக்சின் ஊற்றிச் சூடாக்கி, பிறகு ஆசிட் விட்டுக் கழுவுவோம். மற்றதெல்லாம் நிறம் இழக்கும். காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பை விடாது. காரணம் அதன் மெழுகுச் சுவர். எங்களுக்குக் கிருமியைக் காட்டிக்கொடுத்தது அந்தக் கொழுப்புதான். 1952 முதல் வழக்கில் உள்ள ஐசோநயாசிட் மாத்திரை கிருமியைக் கொல்வதும் மைக்காலிக் அமிலம் தயாராவதைத் தடுத்துத்தான். எச்.ஐ.வி. உள்ளவர்களின் சிறுநீரில் காசநோயைக் கண்டறியும் பரிசோதனை தேடுவதும் மேலே சொன்ன லிப்போஅராபினோமன்னனையே. ஸ்லைடு கொழுப்பைப் பார்க்கிறது, மாத்திரை கொழுப்பை அடிக்கிறது, நம் உடம்பும் கொழுப்பை அறிகிறது. தடுப்பூசி செய்கிறவர்கள் மட்டும் பெரும்பாலும் புரதத்தையே கட்டிக்கொண்டு அழுவது ஏன்?

காரணம் எலி. மனிதனுக்கு சிடி1ஏ, பி, சி, டி என்று வகைகள் உண்டு. ஆய்வுக்கூடச் சுண்டெலிக்கு இவற்றில் டி மட்டுமே உண்டு. மற்ற மூன்றும் கிடையாது. எலி மலிவு, இடம் அடைக்காது, சீக்கிரம் குட்டி போடும். அதனால் நோய் எதிர்ப்பு பற்றிய பாடத்தில் பெரும்பகுதி எலியிடம் கற்றது. எலியிடம் இருந்த சிடி1டி-க்கு என்ன ஆயிற்று பாருங்கள். ஜப்பானில் கடற்பஞ்சிலிருந்து கிடைத்த ஒரு கொழுப்பை அது ஏந்துகிறது என்று 1997-ல் தெரிந்ததும் ஆய்வுகள் குவிந்தன. எலியிடம் இல்லாத மூன்றும் சவலைப் பிள்ளைகளாகிவிட்டன. எலிக்கு இல்லாதது மனிதனுக்கும் முக்கியமில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; நடந்தது அதுதான். கினிப்பன்றிக்கு சிடி1பி, சிடி1சி வகைகள் உண்டு. ராபர்ட் காக் 1882-ல் காசநோய்க் கிருமியை நிரூபித்ததே கினிப்பன்றியை வைத்துத்தான். கிருமியின் கொழுப்பைத் தடுப்பூசியாகப் போட்ட கினிப்பன்றிகளின் நுரையீரலில் சேதம் குறைந்தது என்று 2003-ல் ஆய்வு வந்தது. அந்த வழியில் போனவர்கள் கொஞ்சம் பேர்தான்.

“பிசிஜி முழுக் கிருமிதானே, அதில் மெழுகு இல்லையா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கி 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனையில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காக்கிறது. ஆகவே யாரும் அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் பிசிஜி கிருமியின் கொழுப்புப் பட்டியலும் காசநோய்க் கிருமியின் பட்டியலும் ஒன்றல்ல. கந்தகம் சேர்ந்த ஒரு கொழுப்பு காசநோய்க் கிருமியில் உண்டு, பிசிஜியில் இல்லை. அதை சிடி1பி ஏந்திக் காட்டுகிறது. ஆகவே பிசிஜி தோற்றதால் கொழுப்பும் தோற்றது என்று சொல்ல முடியாது.

“கொழுப்பு தண்ணீரில் கரையாது, ஊசி மருந்தாக்குவது கஷ்டம்” என்பது அடுத்த வாதம். கஷ்டம்தான். புரத வழி மட்டும் சுலபமாகவா இருந்தது? ஒரே புரதத்தை நம்பிய எம்விஏ85ஏ தடுப்பூசி தென்னாப்பிரிக்கக் குழந்தைகளிடம் பலிக்கவில்லை என்று 2013-ல் தெரிந்தது. இரண்டு புரதங்களை இணைத்த எம்72, ஏற்கெனவே கிருமி தொற்றிய பெரியவர்களில் நோயைச் சுமார் பாதியாகக் குறைத்தது; 2024-ல் பெரிய சோதனை தொடங்கியிருக்கிறது. அது வெல்லட்டும். மீதிப் பாதிக்கு என்ன வழி?

இன்னொன்றும் உண்டு. எச்.எல்.ஏ. ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்குப் பொருந்தும் புரதத் துணுக்கு எனக்குப் பொருந்தாமல் போகலாம். சிடி1 அநேகமாக எல்லா மனிதரிடமும் ஒரே மாதிரி. ஒருவரிடம் பிடிபடும் கொழுப்பு ஊரில் எல்லோரிடமும் பிடிபடும் வாய்ப்பு அதிகம். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வாழும் நம் நாட்டுக்கு இது சின்ன விஷயமா?

கொழுப்புத் தடுப்பூசி நாளைக்கே வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கேட்பது இரண்டே. ஒன்று, பாடத்திலிருந்து ‘மட்டுமே’யை எடுங்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் படித்த பிள்ளைதான் நாளை ஆய்வுக்கூடத்தில் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தீர்மானிக்கப் போகிறது. இரண்டு, எலியிடம் இல்லாததை எலியிடம் தேடாதீர்கள். கினிப்பன்றி இருக்கிறது. சிகிச்சைக்கு வரும் நோயாளிகள், சம்மதம் கேட்டால், ஒரு சிட்டிகை ரத்தம் தர மறுக்க மாட்டார்கள். இருமிக்கொண்டே வரிசையில் நின்று சளி டப்பாவை நீட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வந்தது மனித நோய். அதற்கான பாடத்தை மனிதனிடமிருந்து எழுதுங்கள்.