குட்டியின் விலையைக் கேட்குமுன் தாயைக் காட்டச் சொல்வோம்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

நன்றியுள்ள விலங்கு எது என்று கேட்டால், "நாய்" என்று ஒன்றாம் வகுப்புச் சிறுமியும் தயங்காமல் விடை கூறுவாள். நாயின் நன்றியைப் பற்றிக் கட்டுரைகள் பல எழுதியிருக்கிறோம். நல்ல மதிப்பெண்களும் பெற்றிருக்கிறோம். ஆனால் அந்த நாயை நம் வீட்டுக்கு அழைத்து வரும் நாளில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று என்றேனும் எண்ணிப் பார்த்தோமா? எண்ணிப் பாராததன் பலனை எங்கள் வீட்டில் கண்டுவிட்டோம். ஆகவேதான் இதனை எழுதத் துணிந்தோம்.

சென்ற முழுப் பரீட்சை விடுமுறையில், கடைத்தெருவில் அட்டைப் பெட்டியில் வைத்து விற்ற ஒருவரிடம் ஒரு குட்டி வாங்கினோம். பிறந்து 35 நாள் என்றார். அதன் தாய் எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் கேட்கவில்லை. கேட்டது விலை ஒன்றைத்தான். 500 ரூபாய் குறைத்து வாங்கிவிட்டோம் என்று வீடு வந்து சேரும்வரை பெருமை பேசிக்கொண்டோம். நான்காம் நாள் குட்டி பால் குடிக்க மறுத்தது. வாந்தியும் இரத்தம் கலந்த கழிச்சலுமாகத் துவண்டு போயிற்று. "பார்வோ" என்றார் கால்நடை மருத்துவர். ஆறாம் நாள் விடியுமுன் அதன் மூச்சு நின்றது. முருங்கை மரத்தடியில் அதற்குக் குழி தோண்டிய தம்பி, அன்று முழுதும் யாரோடும் பேசவில்லை.

குற்றம் யாருடையது? விற்றவருடையது என்று கூறிவிடுவது எளிது. ஆனால் சற்றுச் சிந்திப்போம். பார்வோ என்னும் வைரஸ் நோய் 1978ஆம் ஆண்டில் நாய்களிடையே கண்டறியப்பட்டது. கிருமி உடலில் புகுந்தபின் நோய் வெளியே தெரியப் பொதுவாக 3 முதல் 7 நாள் ஆகும். ஆகவே எங்கள் குட்டி நோயைச் சுமந்துகொண்டே வீடு வந்திருக்கக்கூடும். இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. முதல் ஊசி 6 முதல் 8 வாரத்திற்குள் போடப்படுகிறது. பின்னர் 3 அல்லது 4 வார இடைவெளியில், குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை மீண்டும் போட வேண்டும். 35 நாள் குட்டிக்கோ முதல் ஊசிக்கே வயது வரவில்லை! "குட்டி எவ்வளவு சிறியதோ அவ்வளவு அழகு" என்று வாங்குகிற நாம் விரும்புவதால்தான், தாயின் மடியிலிருந்து அதனைப் பிரித்துக் கொண்டுவருகிறார்கள். நாம் கை நீட்டாவிட்டால் அந்த அட்டைப் பெட்டி கடைத்தெருவுக்கு வருமா?

தாயைப் பிரிவதில் நோய்க்கு அப்பாலும் ஓர் இழப்பு உண்டு. குட்டி கண் திறக்கவே ஏறத்தாழ 2 வாரம் ஆகிறது. மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ 12ஆம் வாரம் வரை உள்ள காலமே அது பழகிக்கொள்ளும் பருவம். இதனை ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர்கள் இருவர் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டனர். விளையாட்டில் உடன்பிறந்த குட்டியைப் பலமாகக் கடித்தால் அது கத்திக்கொண்டு விலகிவிடும். தாயை அழுத்திக் கடித்தால் தாய் எழுந்து போய்விடும். பல்லை எவ்வளவு மென்மையாகப் பயன்படுத்த வேண்டும் என்ற பாடத்தைக் குட்டி இப்படித்தான் கற்கிறது. இந்தப் பள்ளியிலிருந்து பாதியில் நிறுத்தப்பட்ட குட்டி, பின்னாளில் குழந்தைகளைக் கடித்தால் "பொல்லாத நாய்" என்று தெருவில் விட்டுவிடுகிறோம். இது நீதியா?

நம் நாட்டுச் சட்டமும் இதைத்தான் கூறுகிறது. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய விதிகளை மத்திய அரசு 2017ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்டது. அவற்றின்படி 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது. பெண் நாய்க்கு 18 மாதம் நிரம்புமுன் இணை சேர்க்கக் கூடாது; அதன் வாழ்நாளில் 5 ஈற்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. குட்டி விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சட்டம் இருக்கிறது, ஆனால் வாங்குபவர் வாய் திறந்து கேட்டாலன்றோ அது உயிர் பெறும்!

அரையாண்டு விடுமுறையில் நாங்கள் மீண்டும் துணிந்தோம். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், சேலையூர், கேம்ப் ரோடு தாண்டி ராஜகீழ்ப்பாக்கம் வருகிறது. அங்கே ஒரு பெரியவர் வீட்டோடு ராஜபாளையம் நாய்களை வளர்த்து வருகிறார். 2005இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற நம் தமிழ்நாட்டு இனம் அது. தாய் நாய் வெள்ளை வெளேரென்று வராந்தாவில் படுத்திருந்தது. எழுந்து வந்து எங்களை முகர்ந்து பார்த்து, வாலை ஆட்டிவிட்டுத் தன் குட்டிகளிடம் திரும்பியது. மிக்ஸி ஓடுகிறது, குக்கர் கூவுகிறது, பேரக் குழந்தைகள் கூச்சலிடுகிறார்கள். குட்டிகள் எதற்கும் அஞ்சவில்லை.

நாங்கள் விலை கேட்குமுன் பெரியவர் எங்களைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். "பகலில் வீட்டில் யார் இருப்பீர்கள்? மதில் எவ்வளவு உயரம்? பரீட்சைக் காலத்தில் யார் நடக்க அழைத்துப் போவது?" எங்கள் அப்பாவே திணறிப் போனார். பிறகு பெரியவர் தமது பதிவுச் சான்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் காட்டினார். குட்டிகள் பிறந்த தேதி, பூச்சி மருந்து கொடுத்த தேதி, ஊசி போட்ட தேதி எல்லாம் அதில் இருந்தன. ராஜபாளையம் இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாதவையாக இருப்பதுண்டு. ஆகவே ஒவ்வொரு குட்டியின் பின்னால் நின்றும் கை தட்டிக் காட்டினார். ஒன்று மட்டும் திரும்பவில்லை. "இவனை விற்கமாட்டேன். இவன் எங்களோடு இருப்பான்" என்றார். அன்றே குட்டியைத் தரும்படி தம்பி கெஞ்சினான். "இன்னும் 10 நாள் போகட்டும் கண்ணா. தாயிடம் அது கற்க வேண்டியது பாக்கி இருக்கிறது" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பினார். இரண்டு வீடுகளில் குட்டி வாங்கிய அனுபவத்தில் எங்களுக்கு மகிழ்ச்சி தந்தது அந்த வெறுங்கைதான்!

இங்கே தோழியர் சிலர் மறுப்புரைக்கலாம். "காசு கொடுத்து வாங்குவானேன்? ஆதரவற்ற நாய்கள் எத்தனையோ இருக்கின்றனவே" என்பர். உண்மையே. கேப்டன் வி. சுந்தரம் 1959இல் நம் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற இடங்களிலிருந்து ஒரு நாயைத் தத்தெடுப்பவரை வாழ்த்துகிறோம். அவர் செய்வது பேரறம். ஆனால் வாங்குவோர் என்றும் இருப்பர். அவர்கள் முறையோடு வாங்க வேண்டும் என்பதே எம் வாதம். "வீட்டில் வளர்ப்பவர் எல்லோரும் நல்லவரா?" என்றும் கேட்கலாம். இல்லை. மொட்டை மாடிக் கூண்டில் தாயை அடைத்து, ஓய்வின்றி ஈனச் செய்வதும் ஒரு 'வீட்டில்' நடக்கலாம். ஆதலால் வீடு என்ற சொல்லை நம்ப வேண்டாம். தாயைக் கண்ணால் பார்ப்போம். தாய் தெளிந்த கண்ணோடும் அச்சமற்ற மனத்தோடும் இருந்தால் குட்டியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். "தாய் ஊரில் இருக்கிறது, குட்டியை வழியில் கொண்டுவந்து தருகிறேன்" என்பவரிடம் வணக்கம் சொல்லித் திரும்புவோம்.

விவிலியத்தில் தோபித்து நூலில், இளைஞன் தோபியா நெடும்பயணம் புறப்படும்போது வானதூதரோடு அவனுடைய நாயும் உடன் சென்றதாக வாசிக்கிறோம். வானதூதர் நடந்த வழியில் ஒரு நாய்க்கும் இடம் இருந்தது! இறைவன் படைத்த உயிரை விலைப் பொருளாக மட்டும் பார்ப்பது நமக்கு அழகன்று.

அன்புத் தோழியரே! பெற்றோர் குட்டி வாங்கித் தர இசையும் நாளில், முதலில் பேசப் போவது நாம்தான். அன்று நம் நாவில் வர வேண்டிய முதல் வினா, "என்ன விலை?" என்பதன்று; "இதன் தாயைக் காட்டுங்கள்" என்பதே. அந்த ஒரு வினாவை நாங்கள் அன்று கேட்டிருந்தால், எங்கள் முருங்கை மரத்தடியில் அந்தச் சிறு மேடு இருந்திராது.