கல்லாகாத சாம்பல்

ஆனையூரில் எழும்பும் புது வீடுகள் பலவற்றில் சாம்பல் கல்தான். என் மகன் வீட்டுக்கும் அதையே இறக்கினோம். விரலால் தேய்த்தால் மாவுபோல் ஒட்டுகிறது. அனல்மின் நிலையத்தில் புகைபோக்கிக்கு முன்னால், உயர் மின்னழுத்தத் தகடுகள் ஈர்த்துப் பிடித்த நிலக்கரிச் சாம்பல் அது.

பிடிபட்டது கல்லானது. பிடிபடாததுதான் என் கவலை. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் மூக்கில் நிற்காது. நுரையீரலின் அடிவரை இறங்கும், ரத்தத்திலும் கலக்கும். கரும்புகையே தெரியாத நிலையத்திலிருந்தும் கந்தக டை ஆக்சைடு வெளியேறி, காற்றில் சல்பேட் துகளாக மாறுகிறது.

2015 டிசம்பரில் மத்திய அரசு தூசிக்கும் கந்தக டை ஆக்சைடுக்கும் வரம்பு விதித்தது. 2003 இறுதிக்குள் நிறுவிய அலகுகள் ஒரு கனமீட்டர் புகைக்கு 100 மில்லிகிராம் தூசிக்கு மேல் விடக்கூடாது; 2017 முதல் வந்தவை 30. கொடுத்த கெடு பலமுறை நீண்டது. 2025 ஜூலையில் பெரும்பாலான அலகுகளுக்குக் கந்தக நீக்கக் கருவியே வேண்டாம் என்றாகிவிட்டது. தவறான முடிவு இது.

பழைய அலகுகளுக்கு உதாரணம் தூத்துக்குடி அனல்மின் நிலையம்; அது 1979இல் தொடங்கியது. தலா 210 மெகாவாட்டில் 5 அலகுகள். இத்தனை பழைய நிலையத்தில் தகடுகளின் பராமரிப்பைத் தள்ளிப்போடவே கூடாது. அதன் புகைபோக்கி அளவீடுகளை மின்வாரியம் தினமும் தமிழில் வெளியிட வேண்டும்.