கேரவனுக்கும் காற்றோட்டம் வேண்டும்

பணி ஓய்வுக்குப் பின் கணவனும் மனைவியும் கேரவனிலேயே தங்கி நெடும்பயணம் செல்வதை நாங்கள் வரவேற்கிறோம். தேனியிலிருந்து கம்பம், குமுளி வழியாக மலையேறினால், 2022இல் கேரவன் பூங்கா தொடங்கப்பெற்ற வாகமனை அடையலாம். ஆனால், குளிருக்கு அஞ்சி ஜன்னல்களை அடைத்துவிட்டு, ஜெனரேட்டரையோ அடுப்பையோ இயங்கவிட்டு உறங்குவது உயிருக்கு ஆபத்து. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், கேரவனுக்குள் தங்கிய இருவர் ஜெனரேட்டர் வெளியிட்ட கார்பன் மோனாக்சைடால் உயிரிழந்தனர். நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, இரத்தத்தில் ஆக்சிஜனுக்குரிய இடத்தைப் பற்றிக்கொள்கிறது. இதய நோயாளிகளுக்கு இன்னும் கொடியது. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் ஆகியவை இருவருக்கும் ஒருசேரத் தோன்றினால், உடனே வெளியேறி 108ஐ அழையுங்கள். வாடகைக்கு விடப்படும் ஒவ்வொரு கேரவனிலும் இவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பதே எங்கள் கருத்து.