'எம்.ஏ ஜர்னலிசமா... படிச்சிட்டு டி.வி-ல வருவியா?'

அடி அண்ணாமலையில் ஒரு வீடு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், ஆதி அண்ணாமலையார் கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம். பௌர்ணமி வந்தால் அம்மா வாசலில் மேசை போட்டு சுக்கு காபியும் தண்ணீர் பாட்டிலும் விற்பார். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். பி.எஸ்ஸி முடித்த மகள் ஒருநாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், "நான் எம்.ஏ ஜர்னலிசம் படிக்கப் போறேன்" என்கிறாள்.

இது கற்பனை வீடுதான். ஆனால், தேடினால் நிஜத்திலும் அகப்படும்.

முதலில் யாரும் பேச மாட்டார்கள். பிறகு அப்பா, "பி.எட் முடிச்சா டீச்சர் ஆகலாம். இதைப் படிச்சா என்ன ஆகலாம்?" என்பார். ஆயாவுக்கோ ஒரே சந்தேகம்: "டி.வி-ல வருவியா?" சென்னையிலிருக்கும் மாமாவுக்கு உடனே போன் போகும். "ராத்திரி பகல்னு பாக்காம அலையணும் மாமா... நம்ம பொண்ணுக்குச் சரிப்படாது." மாமா தன் வாழ்நாளில் ஒரு ரிப்போர்ட்டரிடம்கூடப் பேசியிருக்க மாட்டார். ஆனாலும், அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

இப்போது சென்னையில் இன்னொரு குடும்பத்தைப் பார்க்கலாம். இது நிஜம். 'தி இந்து' நாளிதழை 1905-ல் வாங்கியவர் கஸ்தூரிரங்க ஐயங்கார். அவருடைய கொள்ளுப்பேரன் என்.ராம், 1968-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். அதே குடும்பத்தின் மாலினி பார்த்தசாரதியும் 1982-ல் அதே இடத்தில் அதே பட்டம் வாங்கினார். அவர்கள் திறமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால், இதழியல் படித்தால் என்ன வேலை என்று அந்த வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது. அது எவ்வளவு பெரிய சௌகரியம்!

ரொம்ப தூரம் போக வேண்டாம். கிரிவலப் பாதையிலேயே இருக்கிற ரமணாசிரமத்திலிருந்து 1964-ல் 'தி மவுண்டன் பாத்' என்ற ஆங்கில இதழைத் தொடங்கியவர் ஆர்தர் ஆஸ்போர்ன். 1970-ல் அவர் இறந்தபோது ஆசிரியர் பொறுப்பை ஏற்றவர் அவர் மனைவி லூசியா. வீட்டில் ஒருவர் செய்கிற வேலை மற்றவருக்கு அந்நியமாகத் தெரிவதில்லை.

சரி, ஆட்டோக்காரர் வீட்டுக்குத் திரும்புவோம். அவருடைய தயக்கத்துக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மகளுக்கு 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. 2022-ல் தொடங்கிய அந்தத் திட்டம் முதல் பட்டத்தோடு முடிந்துவிடும். ஆக, எம்.ஏ என்றால் ஹாஸ்டலும் சாப்பாடும் வீட்டுப் பணத்தில்தான். யார் பணமோ அவர் பேச்சுக்குத்தானே எடை அதிகம்? கூடவே, "இன்னும் ரெண்டு வருஷம்" என்ற வார்த்தை கல்யாணப் பேச்சையும் தள்ளிவைக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவே.

அப்பாவின் பயத்தை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. ஆரம்பச் சம்பளம் பல இடங்களில் குறைவு. இரவுப் பணி உண்டு. இதையெல்லாம் மறைத்துவிட்டு, "எல்லாம் சூப்பரா இருக்கும்ப்பா" என்று மகள் சொன்னால், மாமாவின் ஒரே ஒரு போன் காலில் விஷயம் கெட்டுவிடும்.

உண்மையைச் சொல்லிவிட்டு, தகவலை முன்னால் வைத்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947-லேயே இதழியல் படிப்பு வந்துவிட்டது. எந்தப் பட்டம் முடித்தவர்களும் எம்.ஏ-வில் சேரலாம் என்பதால், பி.எஸ்ஸி வீண் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் ஓராண்டு முதுநிலை டிப்ளோமா உண்டு. கட்டணம் லட்சங்களில். ஆனால், தலித், பழங்குடி மாணவர்களுக்கு உதவித்தொகை இருக்கிறது. 2025-ல் தமிழ்நாடு அரசே சென்னை இதழியல் நிறுவனத்தைத் தொடங்கி, ஓராண்டு முதுநிலை டிப்ளோமா நடத்துகிறது. 'கவர்ன்மென்ட்' என்ற சொல்லுக்கு அப்பாக்களிடம் இருக்கும் மரியாதை தனி! ஆயாவின் கேள்விக்கும் பதில் உண்டு. படித்தவர்கள் எல்லோரும் டி.வி-யில் தெரிவதில்லை. விளம்பர நிறுவனம், மருத்துவமனை, தொண்டு நிறுவனம் என்று எழுதவும் வீடியோ எடுக்கவும் ஆள் தேவைப்படும் இடங்கள் பல.

கொலம்பியாவின் அந்த இதழியல் பள்ளி, ஜோசப் புலிட்சர் விட்டுச்சென்ற பணத்தில் 1912-ல் திறக்கப்பட்டது. ஹங்கேரியிலிருந்து 17 வயதில் அமெரிக்காவில் வந்து இறங்கியபோது அவருக்கு ஆங்கிலமே தெரியாது. அவருக்கும் அங்கே போன் போட்டுக் கேட்க ஒரு மாமா இருந்திருக்க மாட்டார்.

இத்தனைக்கும் நடுவே அம்மா ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். முடிவு பெரும்பாலும் அவரிடமிருந்துதான் வரும், அதுவும் கேள்வியாக.

"சென்னைக்கு ரயில் விட்டாங்களே, அது எத்தனை மணிக்கு?"

2024 மே மாதத்திலிருந்து திருவண்ணாமலைக்கும் சென்னைக் கடற்கரைக்கும் நேரடி ரயில் ஓடுகிறது. இங்கிருந்து அதிகாலையில் கிளம்புகிறது. மகள் நேரத்தைச் சொல்வாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே அடுத்ததைக் கேட்பார்:

"பௌர்ணமிக்கு வந்துடுவ இல்ல? கடைக்கு ஆள் வேணும்."