ஒப்படைப்பா, ஒப்புக்குப் படைப்பா?

மாணவர் ஆய்வுத்தரம் தாழ்ந்துவிட்டது என்னும் குறை கருத்தரங்குதோறும் ஒலிக்கின்றது. மாணவர் மூலநூலைப் படிப்பதில்லை. பிறர் எழுத்தைப் பெயர்த்தெழுதுகின்றனர். இப்பொழுது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கொண்டே எழுதுவிக்கின்றனர் என்பன குற்றச்சாட்டுகள். இவை பொய்யல்ல. ஆயின் குற்றத்தின் தோற்றுவாய் மாணவரிடத்து இல்லை. ஆசிரியராகிய நாம் தரும் தலைப்பிலும் இடும் மதிப்பெண்ணிலுமே உள்ளது என்பது இக்கட்டுரையின் துணிபு.

நாம் தரும் தலைப்புகளை நோக்குக. ‘சங்க இலக்கியத்தில் இயற்கை’, ‘சிலம்பில் பெண்மை’, ‘பாரதியின் சமுதாய நோக்கு’ போல்வன தலைமுறை கடந்தும் மாறாதுள்ளன. இவற்றுள் வினா இல்லை. வினா இல்லாவிடத்து விடை தேடவேண்டுவதில்லை; தொகுத்தாற் போதும். தொகுப்பதே பணியெனின், முன்னோர் தொகுத்ததை எடுத்தெழுதுவதே எளிய வழி. படியெடுக்கத்தக்க தலைப்பைத் தந்துவிட்டுப் படியெடுத்தனர் எனச் சினப்பது முறையன்று.

மென்பொருள் இதனைத் தீர்க்கும் என்பாரும் உளர். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத்திருட்டுத் தடுப்பு நெறிமுறைகளை வெளியிட்டது. அதன்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை; ஆய்வேட்டில் 60 விழுக்காட்டைக் கடப்பின் பதிவே நீக்கப்படும். நெறிமுறை வேண்டுவதே. ஆனால் மென்பொருள் சொல்லொப்புமையைக் காணுமேயன்றிச் சிந்தனையின்மையைக் காணாது. தமிழிலோ சொல்லொப்புமையைக் காண்பதிலும் இடருண்டு. ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அமைந்தனவும், படமாக வருடப்பட்டனவுமாகிய பழைய ஆய்வேடுகள் அதன் வலையில் எளிதில் அகப்படா. விழுக்காடு குறைந்தமையால் ஆய்வு உயர்ந்தது என்பது மயக்கமே.

மாற்று யாது? ஒரு சான்று காட்டலாம். குறுந்தொகையைத் திருமாளிகைச் சௌரிப்பெருமாளரங்கன் 1915இலும், உ.வே. சாமிநாதையர் 1937இலும் உரையுடன் பதிப்பித்தனர். மாணவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு பாடல் தருக. இரு பதிப்புகளிலும் பாடம் எங்கு வேறுபடுகின்றது, வேறுபாடு இல்லையேல் உரை எங்குப் பிரிகின்றது, எது பொருந்தும், ஏன் என வினவுக. மூன்று பக்கம் போதும். நூலில் 401 பாடல்கள் உள்ளன. நாற்பதின்மர் பயிலும் வகுப்பிற்குப் பத்தாண்டுகள் ஒரு பாடலும் மீளவாராமல் தரலாம். இதனைப் பழைய ஏட்டிலிருந்து பெயர்த்தெழுத இயலாது. செயலி எழுதித் தரினும், நூலைக் கையிற்கொண்டு தன் தெரிவை நேரில் நிறுவவேண்டிய மாணவர்க்கு அது துணையாகாது.

மதிப்பீடும் மாறவேண்டும். பக்க எண்ணிக்கைக்கும் கட்டமைப்பின் அழகிற்கும் மதிப்பெண் இடும் வழக்கம் ஒழிக. 25 மதிப்பெண்ணில் பாடங்களைப் பிழையறப் பதிதற்கு 5, சான்று காட்டற்கு 10, வாதத்திற்கு 5, நேர்காணலுக்கு 5 எனப் பகுத்து முன்னரே அறிவிக்கலாம். முதல் வரைவைக் குறிப்புகளுடன் ஒருமுறை திருப்பித் தருதலும் இன்றியமையாதது. திருத்தம் பெறாத மாணவர் மதிப்பெண்ணை மட்டுமே பெறுகின்றார், ஆய்வுப்பயிற்சியைப் பெறுவதில்லை.

இதற்கு நேரமேது என வினவலாம். நாற்பதின்மரோடு ஐந்தைந்து நிமிடம் உரையாட இருநூறு நிமிடங்களே ஆகும். அவர்தம் மும்மூன்று பக்கங்கள் 120 பக்கங்களே. இன்று முப்பது முப்பது பக்கமாகப் பெற்றுப் படியாமலே கையொப்பமிடும் 1,200 பக்கங்களினும் இது சிறுசுமையே. தமிழகத்திற்கு வெளியேயுள்ள துறைகளில் நூல்கள் இல்லை என்பதும் இன்று முழுமையான விடையாகாது. பழம்பதிப்புகள் பலவற்றின் படிமங்கள் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் கிடைக்கின்றன. கைக்கெட்டும் பதிப்புகளைக் கொண்டே வினா அமைக்கலாம்.

இம்மாற்றம் இன்று கட்டாயமாகின்றது. 2022ஆம் ஆண்டு மானியக்குழு நெறிமுறைகளால் ஆய்வியல் நிறைஞர் பட்டம் நிறுத்தப்பட்டது. முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் இடைநின்ற பயிற்சிப்படி அகன்றது. இனி ஆய்வுநெறியைக் கற்கும் முதற்களம் முதுகலை ஒப்படைப்பே. அங்கு வினவக் கல்லாதவர் முனைவர் பட்ட ஆய்விற்கு வந்தபின் வினவுவார் என எதிர்பார்த்தல் வீண்.

ஆகவே பாடத்திட்டக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே ஒப்படைப்புத் தலைப்புப் பட்டியலை நீக்கி, வினாப் பட்டியலை வைத்தல் வேண்டும். மாணவரைக் குறைகூறும் உரிமை அதன்பின்னரே நமக்கு உண்டு.