ஏழையின் ஆட்டுக்குட்டியும் எங்கட பிரசங்க மேடையும்

எங்கட கிறிஸ்தவ வீடுகளில் அடிக்கடி கேட்கிற வசனங்கள் இரண்டு. ஒன்று: "நாய் பூனைக்குச் செலவழிக்கிற காசை ஒரு ஏழைக்குக் குடுத்தா புண்ணியமாவது கிடைக்கும்." மற்றது: "கோயிலுக்குள்ள அரசியல் கதைக்காதேங்கோ." பெரும்பாலும் இரண்டையும் சொல்லுவது ஒரே ஆக்கள்தான். முதலாவது இரக்கம் மாதிரித் தெரியும், இரண்டாவது பக்தி மாதிரித் தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. விசுவாசத்தை ஞாயிறு காலைப் பூசைக்குள் பூட்டி வைத்து, வீட்டு முற்றத்தையும் வாக்குச்சாவடியையும் அதற்கு வெளியே நிறுத்துகின்றன.

நான் சொல்ல வருவது இதுதான்: முற்றத்தில் படுத்திருக்கிற சீவனுக்கும் நாட்டு அரசியலுக்கும் வெளியே நிற்கிற விசுவாசம் வேதாகமத்துக்கு வெளியேதான் நிற்கிறது. நம்பாதவர்கள் இரண்டாம் சாமுவேல் 12ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கோ.

அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். தாவீது அரசன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொள்கிறான். விஷயம் வெளியே வரப்போகிறது என்றதும் உரியாவைப் போர் முனையில் தனியே விட்டுச் சாகடிக்கச் சொல்லித் தளபதிக்குக் கடிதம் எழுதுகிறான். அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் குடுத்தவனே உரியாதான். இன்னொன்றையும் கவனியுங்கோ: உரியா இஸ்ரயேலன் இல்லை, இத்தியன். வேற்று இனத்தான் ஒருவனை அரசு தன் படையைக் கொண்டே தீர்த்துக்கட்டிவிட்டு, போரில் செத்தான் என்று கணக்கு எழுதுகிறது. இந்த நாட்டில் இருந்து இதை வாசிக்கிற எங்களுக்கு விளக்கவுரை தேவையில்லை.

அப்போது வருகிறார் நாத்தான் இறைவாக்கினர். வந்து கொலையைப் பற்றிக் கதைக்கவில்லை, ஒரு வளர்ப்புப் பிராணியைப் பற்றிக் கதைக்கிறார். ஏழை ஒருவனிடம் ஒரேயொரு ஆட்டுக்குட்டி. பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்தது, அவன் தட்டில் தின்று, அவன் கிண்ணத்தில் குடித்து, மடியில் படுத்துறங்கியது. மந்தை மந்தையாக ஆடு வைத்திருந்த பணக்காரன் தன் விருந்தாளிக்குச் சமைக்க அந்த ஒன்றைப் பறித்துக்கொண்டு போகிறான். இதைக் கேட்டுத் தாவீது கொதித்தெழுகிறான். அந்த ஆள் வேற ஆருமில்லை, நீதான் என்று நாத்தான் அரசனுடைய முகத்துக்கு நேரே சொல்கிறார்.

இதில் நாத்தான் செய்யாத ஒன்று உண்டு. "ஒரு மனுசன் செத்துக் கிடக்கிறான், நீ ஆட்டுக்குட்டிக்குக் கோபப்படுறியோ?" என்று அவர் நையாண்டி பண்ணவில்லை. ஆட்டுக்குட்டிக்காக வந்த கோபம் சரியான கோபம்தான். அதைக் கையில் பிடித்து, அந்த இடத்திலிருந்து உரியாவின் பிணம்வரை அரசனை நடத்திக்கொண்டு போனார். சின்ன சீவனுக்காக இளகுகிற மனம் பெரிய அநியாயத்தைப் பார்க்க வைக்கிற வாசல். எங்கட பிரசங்க மேடை இந்த வாசலை இரண்டு பக்கமும் அடைத்து வைத்திருக்கிறது.

வேதாகமம் முழுக்க இப்படித்தான். ஓய்வுநாள் கட்டளை வேலைக்காரருக்கு மட்டுமில்லை, மாட்டுக்கும் கழுதைக்கும் சேர்த்துத்தான் ஓய்வு குடுக்கிறது. நினிவேயை அழிக்காமல் விட்டதற்குக் கடவுள் யோனாவிடம் சொல்கிற காரணத்தில், அந்த நகரத்துச் சனத்தோடு அங்கிருந்த கால்நடைகளும் வருகின்றன. பணக்காரன் வாசலில் புண்ணோடு கிடந்த லாசரை மனுசர் எட்டிப் பார்க்கவில்லை, நாய்கள் வந்தன. இதையெல்லாம் வருசத்துக்கு வருசம் கோயிலில் வாசித்துவிட்டு, வெளியே வந்து வாசலில் படுத்திருக்கிற நாயைக் காலால் தட்டுகிறோம்.

"சரி, திருச்சபையே நாய்க்குச் செலவழிக்காதே என்றுதானே சொல்லுது?" என்று கேட்பினம். கேட்கவேண்டிய கேள்விதான். 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு, மனிதத் துயரைத் தீர்க்கவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்கிறது. ஆனால் அதே பத்தியில் அதற்கு முன்னாலேயே, தேவையில்லாமல் விலங்குகளை வதைப்பது மனித மாண்புக்கு எதிரானது என்றும் இருக்கிறது. எங்கட ஆக்கள் முதற்பாதியை வாசிக்காமல் பின்பாதியை மட்டும் மனப்பாடம் பண்ணியிருக்கினம். 2022 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ், பிள்ளை பெறாமல் நாய் பூனை வளர்க்கிற தம்பதிகளைச் சுயநலம் என்று கண்டித்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதே மனுசர் 2015இல் எழுதிய 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலை எத்தனை பேர் அனுப்பினார்கள்? ஏழையின் கூக்குரலும் பூமியின் கூக்குரலும் வேறுவேறில்லை என்பதுதான் அதன் மையம்.

அதோடு ஒரு சின்னக் கணக்கும் பார்ப்போம். திருநாளுக்கு வெடி, வளைவு, மின்விளக்கு, ஒலிபெருக்கி, பாண்ட் வாத்தியம் என்று செலவழிக்கிறபோது ஏழை ஞாபகத்துக்கு வருவதில்லை. முதல் நன்மைக்கு மண்டபம் எடுத்து, கேக் வெட்டி, ட்ரோன் விட்டுப் படம் எடுக்கிறபோதும் வருவதில்லை. நாயின் சட்டியில் ஒரு பிடி சோறு விழுகிறபோது மட்டும் ஏழை ஓடி வந்துவிடுகிறான். அப்படியென்றால் அங்கே கதைக்கப்படுவது ஏழையைப் பற்றி இல்லை. அவனை ஒரு சாட்டாக வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். வீட்டு மிச்சத்தைத் தெரு நாய்க்கு வைக்கிறவர்களில் பலர் தாங்களே வசதியில்லாத ஆக்கள்தான் என்பதையும் ஊரில் சுற்றிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இனி கோயில் வாசலில் விடப்படும் குட்டிகள். கடுவன் குட்டி என்றால் ஆரும் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். பெட்டைக் குட்டிகளை உரப்பையில் போட்டு இரவோடு இரவாகச் சந்தையிலும் கோயில் வாசலிலும் விட்டுவிட்டுப் போவார்கள். ஏன் பெட்டையை மட்டும்? "அது குட்டி போடும், கரைச்சல்." பெண்ணாய்ப் பிறந்ததே கரைச்சல் என்கிற இந்தக் கணக்கு நாயோடு நிற்கிறதா என்பதை எங்கட வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கோ. முற்றத்திலேயே அரசியல் நடக்கிறது, பிரசங்கம்தான் அதைக் காணவில்லை.

இது உள்ளூராட்சி அரசியலும்தான். இந்த நாட்டில் விசர்நாய்க்கடிக்கான கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தில், 1893இல் வந்தது. தெரு நாய்களைப் பிடித்துக் கொல்வதே நெடுங்காலம் வழிமுறை. 2006இல் அந்தக் கொலை நிறுத்தப்பட்டது. நல்ல முடிவு. ஆனால் கொல்லாமல் விடுவது பாதி வேலைதான். கருத்தடையும் தடுப்பூசியும் ஒழுங்காக நடக்காத இடத்தில் குட்டிகள் பெருகி, வாகனத்தில் அடிபட்டு, பசியில் சாகின்றன, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கடி வாங்குகிறது. வாக்குக் கேட்டு வருகிற பிரதேச சபை வேட்பாளரிடம் இதைக் கேட்ட பங்குச் சபை ஒன்றை எனக்குக் காட்டுங்கோ.

அரசியல் கோயிலுக்குள் வரக்கூடாது என்பதும் முழுப் பொய். அரசியல் எப்போதோ வந்துவிட்டது. திருநாளன்று முன் கதிரையில் பொன்னாடையோடு இருப்பவர் ஆர்? தேர்தல் காலத்தில் ஆயரைச் சந்தித்துப் படம் எடுத்துப் போடுபவர் ஆர்? சாதிக்கொரு சேமக்காலை என்று செத்த பிறகும் பிரித்துப் புதைத்த ஊர்களில் அது அரசியல் இல்லாமல் என்ன ஆராதனையோ? ஆக, அரசியல்வாதி வரலாம், சாதி வரலாம். அநியாயம் செய்தவனைக் கேள்வி கேட்கிற அரசியல் மட்டும்தான் வாசலில் செருப்போடு நிற்கவேண்டும்.

2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்த பிறகு பிரசங்க மேடை அரசியல் பேசியது. நீதி கேட்டது, அரசைக் குற்றம் சொன்னது. அது சரி, அப்படித்தான் பேசவேண்டும். 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் சனாதிபதியை 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னதற்குப் பின்னால் அப்படிப் பேசியவர்களின் விடாப்பிடி இருக்கிறது. அப்படியென்றால் 1995 யூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின்மேல் விமானப்படை போட்ட குண்டு? நூறுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. தெற்குப் பங்குகளில் எத்தனை இடத்தில் அந்த நாளுக்கு ஒரு மெழுகுதிரி எரிகிறது?

விரலை எங்கட பக்கமும் திருப்புவோம். எதிரியின் கழுதை வழி தவறிப் போனால் அதைத் திருப்பிக் கொண்டுபோய் விடவேண்டும் என்று யாத்திராகமம் சட்டம் போடுகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசம். வீடு, கடை, நகை, ஆடு, மாடு, கோழி எல்லாம் பின்னால் நின்றன. அந்த ஆடு மாடுகள் ஆரின் பட்டிக்குப் போயின? அவர்கள் எங்களுக்கு எதிரிகளும் இல்லை, அயலவர்கள். எதிரியின் கழுதைக்கே சட்டம் இருக்க, அயலவனின் ஆட்டுக்கு என்ன சட்டம்? வடக்கில் எந்தப் பிரசங்க மேடையும் நாத்தானின் கதையைச் சொல்லி இந்தக் கேள்வியோடு முடிக்கலாம். முடிப்பதில்லை.

விலங்குப் பாசத்தையே ஆயுதமாக எடுப்பவர்களும் உண்டு. 2020 செப்டம்பரில் மாடு அறுப்பதைத் தடை செய்யும் முன்மொழிவுக்கு அமைச்சரவை சம்மதம் குடுத்தது, கூடவே வெளிநாட்டிலிருந்து மாட்டிறைச்சி இறக்குமதி செய்யலாம் என்றும் சொன்னது. இங்கத்தை மாட்டுக்கு இருக்கிற உயிர் அங்கத்தை மாட்டுக்கு இல்லைப் போல. அதே அரசு அதே வருசம், கொரோனாவில் செத்த முஸ்லிம்களையும் அடக்கம் விரும்பின கிறிஸ்தவர்களையும் குடும்பத்தின் சொல்லைக் கேளாமல் எரித்தது. பிறந்து 20 நாளான பாலகனையும் விடவில்லை. ஆட்டுக்குட்டியில் தொடங்கி உரியாவிடம் போகிற வழி நாத்தானுடையது. மாட்டைக் காட்டி மனுசனை மறைக்கிற வழி தாவீதுடையது.

எங்கட சின்ன வட்டங்களுக்கும் இது பொருந்தும். நாய்க்குட்டியின் படத்துக்குக் கண்ணீர் விடுகிற எங்களில் எத்தனை பேர், 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு இருக்கிற அம்மாக்களின் பந்தலுக்குள் ஒரு மணித்தியாலம் இருந்திருக்கிறோம்? நாயில் இரக்கப்படுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த இரக்கத்தை அங்கேயே நிறுத்தாதேங்கோ என்கிறேன்.

அப்படி நிறுத்தாதவர்கள் எங்களிடம் இருந்தார்கள். 1987இல் புத்தலையில் சுட்டுக் கொல்லப்பட்ட மைக்கல் றொட்றிகோ அடிகள், 2006இல் அல்லைப்பிட்டியில் காணாமல்போன ஜிம் பிறவுண் அடிகள், 2008இல் கொல்லப்பட்ட கருணாரட்ணம் அடிகள், 2009 மே 18இல் சரணடைந்தவர்களோடு போய்த் திரும்பாத பிரான்சிஸ் ஜோசப் அடிகள். கணக்கில் வராத 146,679 பேரை எங்கே என்று 2011இல் ஆணைக்குழுவின் முன்னால் கேட்ட ஆயர் இராயப்பு யோசேப்பு. இவர்களின் படத்துக்கு மாலை போடுகிற அதே கோயிலில்தான் "அரசியல் கதைக்காதேங்கோ" என்று சொல்கிறோம்.

ஆகவே கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒக்டோபர் 4 அசிசி பிரான்சிசின் நாள். அன்று தீர்த்தம் தெளித்துப் படம் எடுப்பதோடு விடாமல், கோயில் வளவில் நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் நடத்த ஒரு மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கோ. திருநாள் வெடிக்குப் போகிற காசில் பாதி போதும். பெட்டைக் குட்டிகளை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி அறிவித்தலில் வாசியுங்கோ. ஓகஸ்ட் 30 காணாமலாக்கப்பட்டோர் நாளில் உங்கட பங்கிலிருந்து காணாமல்போனவர்களின் பெயரைப் பூசையில் சத்தமாகச் சொல்லுங்கோ. வாற உள்ளூராட்சித் தேர்தலில் பொன்னாடை போட முதல் வேட்பாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கோ: தெரு நாய்க்கு என்ன திட்டம், சேமக்காலையில் சாதி பார்க்கிற ஊருக்கு என்ன பதில்.

கோயிலுக்குள்ள அரசியல் கூடாது என்று அப்போதும் ஆராவது எழும்பிச் சொன்னால், நாத்தான் அரசனிடம் என்னத்தைக் கதைக்கப் போனவர் என்று அவரிடமே கேளுங்கோ.