யாரைக் கேட்டுச் சேர்ந்தீர்கள்?

யாரைக் கேட்டுச் சேர்ந்தீர்கள்? போர்ட்டிக்சன் வட்டாரத்துச் சுவா தோட்டத்து ஆட்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

2022 நவம்பர் 19. போர்ட்டிக்சன் நாடாளுமன்றத் தொகுதியில் ஒரு பக்கம் தேசிய முன்னணியில் உள்ள ம.இ.கா.வின் கமலநாதன், மறுபக்கம் நம்பிக்கைக் கூட்டணியின் நெகிரி செம்பிலான் மந்திரி பெசார் அமினுடின் ஹருண். ஒரே லயத்தில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கொடியைக் கட்டிக்கொண்டு முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தார்கள். அமினுடின் வென்றார். மலேசிய நாடாளுமன்றத்தின் 222 இடங்களில் பெரும்பான்மைக்குத் தேவையான 112 எவருக்கும் கிடைக்கவில்லை. ஐந்தே நாளில், 24-ஆம் தேதி, 82 இடம் வைத்திருந்த நம்பிக்கைக் கூட்டணியும் 30 இடம் வைத்திருந்த தேசிய முன்னணியும் ஒரே அரசாங்கத்தில் உட்கார்ந்துவிட்டன. அன்வார் பிரதமர், அம்னோவின் சாஹிட் துணைப் பிரதமர். எங்கள் அண்ணன் தம்பி சண்டை மட்டும் தீரவில்லை.

எங்களுக்கு இது புதிதா? அப்பா காலத்தில் ஆளுங்கூட்டணியின் கப்பல் சின்னம். பிறகு வருஷக்கணக்காகத் தேசிய முன்னணியின் தராசு. தெலுக் கெமாங் என்று பெயர் இருந்த காலத்தில், 2008-க்கு முன், இது ம.இ.கா. தொகுதி. 2008-இல் மனசு வெறுத்துப்போய் எதிர்க்கட்சியின் கண் சின்னத்துக்குப் போட்டோம், ம.இ.கா.வின் சோதிநாதன் தோற்றார். 2018 மே மாதம் நம்பிக்கைக் கூட்டணியை மறுபடியும் நம்பிக் குத்தினோம். நாங்கள் அனுப்பிய டானியல் பாலகோபால் நாலே மாதத்தில் பதவி விலகி, அன்வாருக்கு வழிவிட்டார். அதையும் ஏற்றுக்கொண்டு அக்டோபர் 13 இடைத்தேர்தலில் அவருக்கு 23,560 ஓட்டுப் பெரும்பான்மை கொடுத்தோம். பிரதமராகப் போகிறவரின் தொகுதி, நமக்கும் விடியும் என்று நினைத்தோம். 2020 பிப்ரவரியில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அணி தாவி, 2018-இல் வந்த நம்பிக்கைக் கூட்டணி ஆட்சியையே கவிழ்த்தார்கள். 2022-இல் அன்வார் தம்பூனுக்குப் போய் நின்று பிரதமரானார்.

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி இங்கே லயத்தில் பிறந்தவர். பால்மரம் சீவிய கை, இன்றைக்கும் விரல் நிமிராது. அவரிடம் இருப்பது குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டை. ஓட்டு இல்லை. பிளாஸ்டிக் பையில் பிறப்புப் பத்திரம் கிடைக்காததற்கான கடிதம், பள்ளிக்கூடச் சான்று, பழைய மனுக்களின் நகல்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது வந்து குடியுரிமைப் பாரத்தை நிரப்பி, கைரேகை வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஓட்டு எண்ணி முடிந்ததும் அந்த ஆளின் தொலைபேசி அடங்கிப்போகிறது. கூட்டணி பேசும் மேசையில் எத்தனை அமைச்சர், எந்த இலாகா என்று பேசிய நேரத்தில் இந்தப் பையைப் பற்றி எவனாவது வாய் திறந்தானா?

கட்சி தாவலைத் தடுக்க 2022 அக்டோபரில் சட்டம் வந்தது. தனி ஆள் தாவினால் பதவி போகும். ஒரு கட்சியே மொத்தமாக அணி மாறினால் அந்தச் சட்டம் தொடாது. அப்படியானால் அது யாருக்குப் பாதுகாப்பு? 2023 டிசம்பரில் மனிதவள அமைச்சர் சிவகுமாரை நீக்கியபோது அமைச்சரவையில் தமிழ் பேசும் முழு அமைச்சர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அதற்கு முந்தின ஆகஸ்டில் நெகிரி செம்பிலான் சட்டமன்றத் தேர்தலில் ம.இ.கா. ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. எங்கள் பெயரைச் சொல்லிப் பேரம் பேச வந்த கட்சியே களத்தில் இல்லையென்றால், நாங்கள் எந்தக் கதவைத் தட்டுவது?

அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வரும்போது அரிசி மூட்டை கொண்டுவராதீர்கள். பெரும்பான்மை இல்லாவிட்டால் யாரோடு சேருவீர்கள், யாரோடு சேரமாட்டீர்கள், சிவப்பு அட்டைக்கு எந்தத் தேதிக்குள் முடிவு சொல்வீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, லயத்து ஆட்கள் முன்னால் வாசியுங்கள். அதன் பிறகு ஓட்டைப் பற்றிப் பேசலாம்.